யார் சென்ட் பண்றது?

என் வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன. மூன்றின் இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது.

பினாங்குத் தீவில், கெலுகோரில் எங்கள் தெரு குறுகலானது. ஒரு கார் நின்றால் இன்னொன்று ஒதுங்கிப் போகலாம். இரண்டு நின்றால் யாராவது பின்னால் எடுத்தாக வேண்டும். மூன்று நின்றால் குப்பை லோரி உள்ளே வர முடியாது. அன்று குப்பை லோரி வரும் நாள். லோரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

முதல் கார் என் தம்பி தனபாலுடையது. அதன் பின்னால் என் தங்கை சாந்தியின் கார். கடைசியில் தனபாலின் மருமகன் சுரேஷ். அவன் காரின் பின்சீட்டில் குழந்தையை உட்கார வைக்கும் நாற்காலி இருந்தது. குழந்தை இல்லை. அதன் இடத்தில் ஒரு பிஸ்கட் டின் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது.

மூவரும் என்னைச் சென்ட் பண்ண, அதாவது காரில் கொண்டுபோய் விட, வந்திருந்தார்கள்.

"நான்தான் சென்ட் பண்றேன்னு குரூப்புல போட்டேன்ல?" என்றான் தனபால்.

"நீ போட்டது நேத்து. நான் போட்டது இன்னிக்குக் காலைல. கடைசியா போட்டதுதான் கணக்கு," என்றாள் சாந்தி.

"மாமா, கவிதா என்னைத்தான் போகச் சொன்னா," என்றான் சுரேஷ். கவிதா அவன் மனைவி. குரூப்பில் வரும் செய்திகளில் பாதியை மட்டும் படிப்பவள். "அதோட அத்தைக்கு என் காருதான் ஈசி லா. ஒசரமா இருக்கும். ஏறி எறங்க முட்டி வலிக்காது."

"அக்காவுக்கு முட்டியில ஒன்னும் இல்ல. கண்ணுதான்," என்றாள் சாந்தி.

நான் கைப்பையோடு கேட்டுக்குள் நின்றிருந்தேன். மூவரில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

போக வேண்டிய இடம் பாகான் டாலாம். கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே என் தோழி பிலோமினா இருந்தாள். அன்று இரவு விமானத்தில் அவள் ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த்துக்குப் போகிறாள், மகன் வீட்டோடு இருக்க. திரும்பி வருவதாக யாரும் சொல்லவில்லை.

எனக்கு அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. போக உனக்கு இஷ்டமா என்ற கேள்வி. பல வாரங்களாக அவள் வீட்டில் டிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள், பெட்டியின் எடையைப் பற்றிப் பேசினார்கள், ஊறுகாயை விடுவார்களா பிடுங்கிக்கொள்வார்களா என்று பேசினார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆட்களை வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய கேள்வியும் அல்ல அது. அவள் வீட்டில், அவளும் நானும் மட்டுமாக, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். அதற்காகத்தான் காலையிலேயே கிளம்பினேன்.

வாசலில் சமாதானம் பிறந்தது.

"சரி லா, எதுக்குச் சண்டை, எதுக்கு மூணு காரு? எல்லாரும் ஒரே கெரேத்தாவுல போயிருவோம்," என்றான் தனபால். "நானும் பிலோ அக்காவைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"வழியில அப்பம் வாங்கிட்டுப் போலாம்," என்றாள் சாந்தி.

"கவிதாவையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டு வந்துர்றேன். பத்தே நிமிஷம்," என்றான் சுரேஷ்.

என் தேநீர் நேரம் அங்கேயே செத்துப்போனது.

ஒரு சின்ன வினைச்சொல்

இந்தச் 'சென்ட்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு.

முன்பு பத்திரிகை அலுவலகத்தில் என் வேலை, ஆங்கிலத்தில் வந்து விழும் செய்திகளைத் தமிழாக்குவது. ஆங்கிலச் செய்தியாளருக்கு இந்த ஒரு சொல் இருந்தால் போதும், பாதிப் பக்கத்தை நிரப்பிவிடுவார். அமைச்சர் வாழ்த்துச் செய்தியைச் சென்ட் பண்ணுவார். நீதிமன்றம் ஒருவனைச் சிறைக்குச் சென்ட் பண்ணும். புயல் கூரையைப் பறக்கச் சென்ட் பண்ணும். ஆட்டக்காரர் பந்தை வலைக்குள் சென்ட் பண்ணுவார், அடுத்த நிமிடம் நடுவர் அவரையே வெளியே சென்ட் பண்ணுவார். தமிழில் இத்தனைக்கும் 'அனுப்பினார்' என்று எழுதினால் படிக்கிறவர் பேப்பரை மடித்து வைத்துவிடுவார். அனுப்பினார், அடைத்தது, பிய்த்தெறிந்தது, உதைத்தார், வெளியேற்றினார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று தேட வேண்டும்.

பிலோமினா அப்போது எனக்கு எதிர் மேசையில் பிழை திருத்துபவள். எதிர் மேசை என்றால் நிஜமாகவே எதிரி மேசை. "அதிகாரி சபா மாநிலத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டார்" என்று நான் எழுதியிருந்தால், அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் எழுதுவாள்: "யார் அனுப்பினார்கள்?"

"ஆங்கிலத்துல பேரு போடல, பிலோ."

"போடலன்னா கேளு. ஒரு மனுசன் தானா சபாவுல போய் விழுந்திருக்க மாட்டான்."

நான் தொலைபேசியை எடுத்து யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பதில் கிடைக்காது. அவளும் விடமாட்டாள்.

அலுவலகத்தில் முதுகு பிய்ந்த தடித்த ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. ஒரு மதியம் எரிச்சலில் இந்தச் சொல்லின் பூர்வீகத்தையே தேடினேன். பழைய ஆங்கிலத்தில் பயணத்தைக் குறிக்கும் ஒரு சொல் இருந்திருக்கிறது. அது இப்போது வழக்கில் இல்லை. அந்தச் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. ஜெர்மன்காரர்களிடமும் டச்சுக்காரர்களிடமும் ஏறக்குறைய இதே சொல் இருக்கிறது. அடிப்படைப் பொருள், 'பயணம் போகச் செய்' என்பது.

போகிறவர் ஒருவர். போகச் செய்கிறவர் வேறொருவர். போகச் செய்கிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அரசன் தூதனை அனுப்புகிறான். அதற்காகச் சிம்மாசனத்தை விட்டு எழுவதில்லை.

எங்கள் ஊரில் அந்த அரசன் எழுந்துவிடுவான். கார் சாவியைத் தேடுவான். தூதனை முன்சீட்டில் உட்கார வைத்து, எதிரி நாட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, "முடிஞ்சதும் கால் பண்ணு, வந்து எடுத்துக்கிறேன்" என்பான்.

இது மலாயிலிருந்து வந்தது. மலாயில் 'ஹந்தார்' என்ற சொல் கடிதத்துக்கும் ஆகும், மாமியாருக்கும் ஆகும். தபாலில் சேர்ப்பதும் ஹந்தார், கூடவே போய் வீட்டில் விட்டுவிட்டு வருவதும் ஹந்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பொருளைத் தூக்கி ஆங்கிலச் சொல்லுக்குள் வைத்துவிட்டோம். பிறகு நாங்கள் அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்து, 'பண்றேன்' என்று ஒரு வாலைக் கட்டித் தமிழில் ஓட்டுகிறோம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. கொண்டுபோய் விடுவது ஒன்று, வழியனுப்புவது ஒன்று. முதலாவதில் வண்டி உண்டு, இரண்டாவதில் கண்ணீர் உண்டு. 'சென்ட்' வந்து இரண்டையும் விழுங்கிவிட்டது.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையாளர் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கிளம்பும்போது அலுவலக உதவியாளர் அவரிடம், "சார், நான் உங்கள ஹோட்டலுக்குச் சென்ட் பண்ணிர்றேன்" என்றார். விருந்தாளி தயங்கி, "இல்லைங்க, நானே போயிக்கிறேன்" என்றார். உதவியாளர் முகம் வாடிவிட்டது. தான் கௌரவமாக மறுத்ததாக விருந்தாளி நினைத்தார். தன் காரைக் குறைவாக மதித்துவிட்டதாக உதவியாளர் நினைத்தார். சமாதானம் செய்ய நான் போனேன். கடைசியில் நாங்கள் மூவருமே அந்தக் காரில் ஏறி ஹோட்டலுக்குப் போனோம். மறுக்கிறவருக்கு இங்கே தண்டனை, கூடுதலாக ஒரு ஆள்.

கண் ஆப்பரேஷனுக்குப் பின்

நானும் கார் ஓட்டியவள்தான். போன ஆண்டு கண்ணில் ஆப்பரேஷன் நடந்தது. கொஞ்ச நாளைக்குக் காரை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்ச நாளை என் குடும்பம் ஆயுளுக்கும் நீட்டிவிட்டது. காரைத் தனபால் 'சும்மா சூடு பண்ணிட்டு வர்றேன்' என்று எடுத்துப் போனான். இன்றைக்கும் அது அவன் வீட்டில்தான் சூடாகிக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து நான் அனுப்பப்படுகிறேன். காய்கறி வாங்கப் பாசாருக்கு, கோயிலுக்கு, கிளினிக்குக்கு, கல்யாண வீட்டுக்கு. லிட்டில் இந்தியாவில் ஒரு ஜாக்கெட் துணி வாங்க நினைத்தால் அதற்கும் குரூப்பில் ஒரு கேள்வி எழும்: "அக்காவ யாரு சென்ட் பண்றது?" பதில்கள் வரும். மாற்றுப் பதில்கள் வரும். கட்டை விரல்கள் வரும். கை கூப்பிய படங்கள் வரும். எதற்குப் போகிறேன் என்று கேட்டு ஒரு வரி வராது. வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

துணிக்கடையில் தனபால் வாசலிலேயே நிற்பான். காரை நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் விட்டிருப்பான். நான் நீலமா பச்சையா என்று யோசிக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, சம்மன் போட்டுருவான்" என்பான். அந்த வருடம் நான் வாங்கிய துணி எல்லாம் முதலில் கைக்கு வந்த நிறம்.

அன்பில்லாதவர்கள் இல்லை. அதுதான் எரிச்சலே. அன்பில்லாதவர்களிடம் சண்டை போடலாம்.

வினைச்சொல்லுக்கு வருகிறேன். இதற்கு அனுப்புகிறவர் வேண்டும். போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். நடுவில் இருப்பவரின் சம்மதம் தேவையில்லை. தபால் பெட்டியில் போடும்போது கடிதத்தை யாரும் கேட்பதில்லை.

பிலோமினாவின் செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தபோதும் அப்படித்தான் வந்தது. சொன்னவள் அவள் மகள் ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் கணவருக்கு ஜொகூருக்கு மாற்றல். பாகான் டாலாம் வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறார்கள். "அம்மாவ அண்ணேகிட்டச் சென்ட் பண்ணிர்றோம், ஆன்ட்டி. அங்க எல்லா வசதியும் இருக்கு."

என்ன வசதி என்று நான் கேட்கவில்லை. யார் அனுப்பினார்கள் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியவளை இப்போது அனுப்பி வைக்கிறார்கள்.

பின் சந்து

வாசலில் அப்பத்துக்கு எந்தக் கடை என்பதில் தகராறு தொடங்கியிருந்தது. தேங்காய்ப் பால் எங்கே கெட்டியாக ஊற்றுவார்கள் என்பதில் தனபாலுக்கும் சாந்திக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. லோரிக்காரர் இறங்கி வந்து மலாயில் ஏதோ சொன்னார். மூவரும் அவரிடம் திரும்பினார்கள்.

நான் வீட்டுக்குள் போனேன். சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்தேன். பூட்டினேன். பின் சந்தில் காயும் துணிகளுக்குக் குனிந்து, பெரிய ரோட்டுக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தனியாவா போறீங்க, அக்கா? சென்ட் பண்ண ஆளு யாரும் இல்லியா?"

அவள் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. நல்லவேளை, பஸ் வந்தது.

கடலைக் கடக்கும் ஃபெரி புறப்படும் ஜெட்டிக்குப் பஸ் போவதற்குள் போன் மூன்று பேரின் பெயரையும் மாறி மாறிக் காட்டியது. நான் எடுக்கவில்லை. குரூப்பில் ஒரு வரி மட்டும் போட்டேன்: "நான் கிளம்பிவிட்டேன்." உடனே சாந்தி கேட்டிருந்தாள்: "யாரோட?"

ஜெட்டியில் நின்ற மாலைகள்

இந்த ஜெட்டியில் பிலோமினாவும் நானும் அடித்த கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

வேலை முடிந்ததும் குவீன் ஸ்திரீட் வழியாக இருவரும் நடந்து வருவோம். மசாலா அரைக்கும் கடையைக் கடக்கும்போது அவளுக்குத் தவறாமல் தும்மல் வரும். ஜெட்டியில் அவளுக்கு ஃபெரி, எனக்குப் பக்கத்திலேயே பஸ். ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகலாம். நாங்கள் பினாங்குக்காரிகள் அல்லவா, அது எப்படி முடியும்?

"நீ ஏறு. நான் பாத்துட்டுப் போறேன்," என்பேன்.

"நீ மொதல்ல பஸ்ஸு ஏறு. ஒனக்குத்தான் தூரம்."

"ஒனக்குக் கடலு."

"கடல்ல என்னைய என்ன முதலையா கடிக்கப் போவுது?"

அவளைச் சென்ட் பண்ணாமல் நான் போகமாட்டேன். என்னைச் சென்ட் பண்ணாமல் அவள் போகமாட்டாள். இடையில் என் பஸ் போய்விடும். அவள் ஃபெரியும் சங்கு ஊதிவிட்டுப் போய்விடும். கடலை வண்டிக்காரர் எங்களுக்காகவே அந்த இடத்தில் நிற்பதுபோல நிற்பார். அவித்த கடலையைத் தின்றுகொண்டே அடுத்த வண்டிக்கும் அதே சண்டையைப் போடுவோம். வீட்டில் திட்டு விழும். மறுநாளும் அப்படியேதான்.

வீட்டுக்குப் போனதும் போன் செய்து ஒலிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். இப்போது அதற்கு மெசேஜ் வந்துவிட்டது.

அந்தக் காலத்து ஃபெரியில் கார்கள் வரிசையாக ஏறும். இப்போதைய ஃபெரியில் மனிதர்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும்தான். கார் வைத்திருப்பவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்காக ஊரில் குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. அன்று காலை நான் குறைப்படவில்லை. காற்று உப்பாக அடித்தது. என்னை இறக்கிவிட யாரும் இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காலி வீடு

பிலோமினா வீட்டில் நாற்காலிகள் போய்விட்டிருந்தன. சுவரில் மாதாவின் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறாமல் தெரிந்தது. அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியின் மேல் கால் நீட்டியிருந்தாள். ஸ்டெல்லா வேன்காரரைப் பார்க்கப் போயிருந்தாள்.

"யாரு சென்ட் பண்ணா?" இதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை.

"யாரும் இல்ல."

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பொய் சொல்லாத. தனபாலு காரைப் போட எடம் தேடறானா?"

"பஸ்ல வந்தேன். ஃபெரில வந்தேன். அங்கேர்ந்து நடந்து வந்தேன்."

"இந்தக் கண்ண வச்சிக்கிட்டா?"

"நீயுமா?"

அவள் சிரித்தாள். கேத்தலை மட்டும் கடைசியாகக் கட்டலாம் என்று வைத்திருந்தாள். காகிதக் கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். சர்க்கரை எந்தப் பெட்டியில் போனது என்று தெரியவில்லை. கசப்பாகவே குடித்தோம். வாசலில் நின்ற மூன்று காரைப் பற்றிச் சொன்னேன்.

வழியெல்லாம் நான் அந்தக் கேள்விக்கு வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தேடியதெல்லாம் போய்விட்டது.

"பிலோ, போறதுக்கு ஒனக்கு இஷ்டமா?"

அவள் கோப்பையைத் தரையில் வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள். எண்ணெய்ச் சத்தம் இங்கே கேட்டது.

"யாராச்சும் கேப்பாங்கன்னு பதிலெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்," என்றாள். "ஒருத்தரும் கேக்கல. டிக்கெட் எடுத்தாச்சு, விசா வந்தாச்சு. ஸ்வெட்டர் நீலமா செவப்பான்னு கூடக் கேட்டாங்க."

"நான் கேக்கறேன்ல."

"இஷ்டமில்ல, கமலா." சாதாரணமாகச் சொன்னாள், தேநீரில் சர்க்கரை இல்லை என்பதுபோல. "ஆனா போறேன். ஸ்டெல்லா மேல தப்பு இல்ல. அவளும்தான் பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஊர் மாறுறா. அவ பின்னால நானும் ஜொகூருக்குப் போய் என்ன பண்றது? மகன் கூப்பிடறான். போறதுதான் சரி. சரியா இருக்கறது எல்லாம் இஷ்டமா இருக்கணுமா?"

வேண்டுமானால் என் வீட்டில் இரு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். ஒன் தம்பி தங்கச்சி ஒன்னைய ஒருத்தியச் சென்ட் பண்ணவே மூணு காரு. ரெண்டு பேருன்னா பஸ்ஸு வாங்கணும்."

இருவரும் சிரித்தோம். நான் கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. பதில் நல்ல பதில் இல்லை. ஆனாலும் அவள் முகம் நான் நுழைந்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. ஏன் என்று கேட்டுக் கெடுக்க விரும்பவில்லை.

பெட்டிகளும் பிலோமினாவும்

ஸ்டெல்லா வந்தாள். சாயங்காலத் திட்டத்தை ஒப்பித்தாள். வேனில் பெட்டிகளும் அம்மாவும். பின்னால் இரண்டு காரில் சொந்தக்காரர்கள். விமான நிலையத்தில் சர்ச் ஆட்கள். ஃபோட்டோ எடுத்து முடித்து, எல்லாரும் சாப்பிட்டு, ஜெபம் செய்து, உள்ளே அனுப்புவது.

நான் இப்படிப் பலமுறை ஆட்களை அனுப்பியிருக்கிறேன். போகிறவர் கடைசி நிமிடம் வரைக்கும் ஃபோட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே போன பிறகு, அனுப்ப வந்தவர்கள் கீழே இறங்கி மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, அவர் அழுதாரா இல்லையா என்று பேசிக்கொண்டே வீடு திரும்புவார்கள்.

"பெட்டிங்கள நீ சென்ட் பண்ணு," என்றாள் பிலோமினா. "நான் ஃபெரில வர்றேன். அந்தப் பக்கம் ஒரு வாடகைக் காரு கூப்பிட்டு ஏர்போட்டுக்கு வந்துர்றேன்."

"ஐயோ, என்னம்மா இது! தனியாவா? ஆளுங்க என்ன நெனைப்பாங்க?"

"அம்மாவுக்குக் கை காலு இருக்குன்னு நெனைப்பாங்க."

"ஆன்ட்டி, நீங்களாச்சும் சொல்லுங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவள் கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. அந்தப் பெண்ணும் பல இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. நான் அவள் தோளைத் தொட்டேன். "ஏர்போட்டுல வந்து நிப்பா, ஸ்டெல்லா. பாஸ்போட்ட மட்டும் அவ கையில குடு."

பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். குடையைக் கொடுத்தாள். தண்ணீர் போத்தலைக் கொடுத்தாள். கடைசியில் அம்மாவைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பிலோமினா மகளின் முதுகைத் தட்டினாள். "நாலு மணி நேரத்துல ஏர்போட்டுல பாக்கப் போற. இப்பவே அழுதா அங்க என்ன பண்ணுவ?"

ஃபெரியில் நாங்கள் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தோம். அவள் பாகான் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தூங்கிவிட்டார். அதைக் காட்டி அவள் என் விலாவில் இடித்தாள். அவ்வளவுதான் பேசினோம்.

மஞ்சள் கோடு

ஜெட்டிக்கு வெளியே மஞ்சள் கோட்டின் மேல் தனபாலின் கார் நின்றது. நான்கு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தன. நான் எந்த ஃபெரியில் வருவேன் என்று தெரியாமல் நீண்ட நேரமாக நின்றிருக்கிறான். வண்டியில் அப்பம் வேறு, ஆறிப்போய்.

"அக்கா! சொல்லாம கொள்ளாம பின் கதவு வழியா போவாங்களா? சாந்தி போலீஸுக்குப் போலாமான்னு கேக்குறா." பிறகு பிலோமினாவைப் பார்த்தான். "அட, பிலோ அக்கா! நீங்க எங்க இங்க? ஏறுங்க, ஏறுங்க. நானே ஏர்போட்டுக்குச் சென்ட் பண்ணிர்றேன். நேரா அங்கதானே?"

"வேணாம் தம்பி. காரு கூப்பிட்டா வந்துரும்."

"எதுக்கு வீணா? நம்ம காரு இருக்கறப்போ—"

"தனபாலு," என்றேன். எந்தக் குரலில் சொன்னேனோ, நிறுத்திவிட்டான்.

பிலோமினாவிடம் திரும்பினேன். "காரைக் கூப்பிடு. நீ ஏறு. நான் பாத்துட்டுப் போறேன்."

"நீ மொதல்ல ஏறு."

"ஒனக்குத்தான் தூரம், பிலோ."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். கடலை வண்டி நின்ற இடத்தில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன.

"அக்கா, சம்மன் போட்டுருவான்," என்றான் தனபால், மெதுவாக.

"கொஞ்ச நாளா எல்லாரும் என்னையச் சென்ட் பண்றாங்க," என்றாள் பிலோமினா. "இன்னிக்கு ஒரு ஆளையாச்சும் நான் சென்ட் பண்ணிக்கிறேன். ஏறு கமலா."

காரின் கதவை அவளே திறந்தாள். நான் ஏறினேன். சேலை முந்தானை கதவில் மாட்டாமல் உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தி, லோரியைக் கிளப்பிவிடும் ஆளைப்போல, கூரையை உள்ளங்கையால் தட்டினாள்.

"பாத்து ஓட்டு தம்பி. ரீச் ஆனதும் மெசேஜ் போடச் சொல்லு."

கார் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். ஒரு கையில் குடை, தோளில் ஒரு சின்னப் பை. மறு கையை உயர்த்தியிருந்தாள். திருப்பம் வரும் வரைக்கும் கையை இறக்கவில்லை.

"ஊருக்குப் போறது அவங்கதானே?" என்றான் தனபால். "நாமதானே அவங்களச் சென்ட் பண்ணணும்?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அவன் ஓட்டினான். வழியில் நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் என் முகத்தைப் பார்த்தான். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது, "எதுக்குக்கா தனியா போனீங்க?" என்று கேட்டான். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. அப்பத்தை உள்ளே கொண்டு வா, சொல்கிறேன் என்றேன்.

கேட்டைத் திறப்பதற்கு முன்பே போனை எடுத்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவளுக்குப் போட்டேன். இந்நேரம் அவள் விமான நிலையத்தை நெருங்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

பதில் உடனே வந்தது.

"சரி. இப்பத்தான் காரு கூப்பிடறேன்."